கொட்டைமுத்திலிருந்து நைலான்

நைலான் என்றால் நெசவாளரான நம் அங்கத்தினர்க்கு நூல்தான் நினைவுக்கு வரும். மீனவர் வலையும், கொசுவலையும், தறியில் பருத்தி விழுதுக்குப் பதிலாக வந்த நைலான் விழுதும் அந்த நினைவை உறுதிப்படுத்தும். ஆனால் உலகில் நைலான் நூலாக மட்டும் வழங்கவில்லை. அதே பொருளை நூலாக இழுக்காமல் உருக்கி அச்சில் வார்த்தால் பற்சக்கரமாகும். குழாயாகப் பிதுக்கினால் லாரியின் பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும். விசைத்தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் முற்காலத்தில் எருமைத்தோலால் செய்யப்பட்டது. அதன் இடத்தை இக்காலத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைகள் பெற்றுவிட்டன. அவற்றுள் நைலானும் ஒன்று. இரும்பும் பித்தளையும் தோலும் செய்துவந்த யந்திர வேலையைச் செய்ய வல்ல இவ்வகைப் பிளாஸ்டிக்குகளைப் பொறியியல் பிளாஸ்டிக் என்று கூறுவர்.

இவற்றுள் ஒன்று, நைலான் 11 எனப்படுவது, மண்ணெண்ணெய்க் கிணற்றிலிருந்து வருவதன்று; ஆமணக்கு வயலிலிருந்து வருவது. விவசாயிகளான நம் அங்கத்தினர் சிலர் இதனைக் கேள்வியுற்று, மோட்டார் வண்டிக்கும் விமானத்துக்கும் ஆமணக்கு வேண்டியிருக்கிறதாமே, கடலைக்குப் பதிலாக ஆமணக்கு விதைத்தால் என்ன என்று வினவுகின்றனர். நியாயமான வினாவே. ஆனால் கொட்டைமுத்து ஒன்று வயலை விட்டுப் புறப்பட்டு யந்திர உறுப்பாக மாறும் வரை எத்தனை வாயில்களைக் கடக்கிறது, அவ்வாயில்களின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது. ஆதலின் அந்த வழி முழுவதையும் ஈண்டு ஒருமுறை நடந்து பார்ப்போம்.

எண்களின் பொருள்

நைலான் என்பது ஒரு பொருளன்று, ஒரு குடும்பம். 1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் விஞ்ஞானியின் குழுவினர் முதல் நைலானை ஆக்கினர். அது நைலான் 6,6. மூன்றாண்டுகளுக்குப் பின், 1938இல், ஜெர்மனியில் பால் ஷ்லாக் என்பவர் வேறொரு வழியில் நைலான் 6 கண்டார். இந்த எண்கள் நூலின் நம்பரைப் போன்றவையல்ல. நைலானின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அச்சங்கிலியில் கரி அணுக்கள் வரிசையாக நிற்க, இடையிடையே நைட்ரஜன் அமைந்த ஒரு கொக்கி வருகிறது. ஒரு கொக்கிக்கும் அடுத்த கொக்கிக்கும் இடையே எத்தனை கரி அணு என்பதையே எண் காட்டுகிறது. நைலான் 6இல் ஆறு. நைலான் 11இல் பதினொன்று.

இந்தக் கணக்கினால் நமக்கென்ன என்று தோன்றலாம். பருத்தி நூல் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கனப்பதை நெசவாளர் நன்கறிவர். நைலானும் ஈரம் வாங்கும். அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்பவை மேற்கூறிய கொக்கிகளே. கொக்கிகள் நெருங்கி நிற்கும் நைலான் 6, நீரில் முழுகக் கிடந்தால், தன் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்குக் குறையாமல் நீரை ஏற்கும். கொக்கிகள் விலகி நிற்கும் நைலான் 11 நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் நின்றுவிடும். புடவைக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. பிரேக்குக் குழாய்க்கோ இது உயிர் போன்றது. ஈரத்தால் பருத்து, வெயிலில் சுருங்கி, நாளடைவில் இணைப்பில் தளர்ந்துபோகும் குழாயை நம்பி எவரும் மலைப்பாதையில் லாரி ஓட்டார்.

நைலான் 6, நைலான் 6,6 என்னும் இரு மூத்த பிள்ளைகளும் உலகில் ஆண்டுதோறும் பல பத்து இலட்சம் டன் அளவில் உற்பத்தியாகின்றன. நைலான் 6க்கு வேண்டிய காப்ரோலாக்டம் என்னும் மூலப்பொருளை நம் நாட்டிலேயே குஜராத்தின் வடோதராவிலும் கேரளத்தின் உத்யோகமண்டலத்திலும் உள்ள உர நிறுவனங்கள் செய்கின்றன. நைலானுக்கும் உரத்துக்கும் என்ன உறவு என்று கேட்போர்க்கு ஒரு வார்த்தை: காப்ரோலாக்டம் செய்யும் பழைய முறைகளில் அதனோடு கூடவே, அதனைவிட அதிக எடையில், அம்மோனியம் சல்பேட் உபபொருளாக வந்து விழுகிறது. நாம் வயலுக்கு வாங்கும் மூட்டையில் சிறிது, எங்கோ ஒரு நூலாலையின் நிழலாக இருக்கக்கூடும்.

நைலான் 11ம் அதன் தம்பியான நைலான் 12ம் இவற்றை நோக்க மிகச் சிறு அளவினவே. ஆயினும் பெரிய நைலான்கள் செய்ய இயலாத வேலையை இவை செய்கின்றன. கனவண்டிகளின் காற்றுப் பிரேக்குக் குழாய், பெட்ரோல் செல்லும் குழாய், கடலடியில் எண்ணெய் கொண்டுவரும் வளையும் குழாயின் உட்பூச்சு, உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைக்கும் தூள், விளையாட்டுக் காலணியின் அடிப்பாகம் ஆகியவை இவற்றின் இடங்கள்.

பதினெட்டைப் பிரித்தல்

ஆமணக்கு எண்ணெயில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை ரிசினோலியிக் அமிலம் என்னும் ஒரே கொழுப்பமிலம் நிறைந்துள்ளது. கடலையெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இவ்வாறு ஒன்றே மேலோங்கி நிற்பதில்லை. இந்த அமிலத்தின் சங்கிலியில் கரி அணுக்கள் பதினெட்டு. அதன் நடுவே ஒரு பக்கக் கிளை இருக்கிறது. அக்கிளையின் அருகே சங்கிலி எளிதில் முறியும். கைத்தேர்ந்த தச்சன் மரத்தின் கணுப் பார்த்துப் பிளப்பதுபோல, இரசாயன நிபுணர் அவ்விடம் பார்த்துப் பிளக்கின்றனர்.

இக்கலையைத் தொழிலாக ஆக்கியவர் பிரெஞ்சு நாட்டினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, போருக்குப் பின் நார்மண்டிப் பகுதியில் செர்க்கினி என்னும் சிற்றூரில் ஆலையாக வளர்ந்தது. அவ்வூரருகே ஓடும் ரீல் ஆற்றின் பெயரைத் தழுவி அந்த நைலானுக்கு ரில்சான் என்று பெயரிட்டனர். மூலப்பொருளைச் செய்யும் ஆலை 1955இல் மார்சேய் நகரின் சான் மெனே பகுதியில் அமைந்தது. மார்சேய் துறைமுக நகரம்; கீழைநாட்டு எண்ணெய் வித்துகளை இறக்கிச் சோப்பு காய்ச்சிப் பழகிய நகரம். எண்ணெய் கப்பலில் வந்து இறங்குமிடத்திலேயே ஆலையை வைத்தது பொருத்தமே. இந்நிறுவனம் பல கைகளும் பெயர்களும் மாறி 2004இல் ஆர்க்கெமா என்ற பெயர் பெற்றது. 2006இல் டோட்டல் என்னும் எண்ணெய்க் கம்பெனியினின்று பிரிந்து தனித்து நின்றது.

மார்சேயில் நடப்பது இதுதான். எண்ணெயை மெதனாலுடன் சேர்த்து முதலில் கிளிசரினைப் பிரிப்பர். மிஞ்சியதை ஆவியாக்கி ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் செலுத்தினால், பதினெட்டு கரி அணுக்கள் பதினொன்றாகவும் ஏழாகவும் பிரிகின்றன. ஏழு கொண்ட துண்டு ஹெப்டனால். அது வாசனைப் பொருள் செய்வோரிடம் செல்லும். பதினொன்று கொண்ட துண்டிலிருந்து கிடைக்கும் அமிலம் தோற்பூஞ்சைக்கு மருந்தாகவும் பயன்படும். அதில் பெரும்பங்கு மேலே நடந்து, ஹைட்ரஜன் புரோமைடுடனும் பின் அம்மோனியாவுடனும் வினைப்பட்டு, வெண்ணிறத் தூளாகிறது. அத்தூளைச் சூடாக்கி நீரை வெளியேற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து நைலான் 11 ஆகின்றன. கிளிசரினும் வீணாவதில்லை. செக்கில் எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கை எருவாக்கும் நம் சிக்கனம் அங்கேயும் உண்டு என்று சொல்லலாம்.

அதே பதினெட்டை வேறிடத்திலும் முறிக்கலாம். காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் பத்தாகவும் எட்டாகவும் பிரியும். பத்து கொண்டது செபாசிக் அமிலம். அதிலிருந்து நைலான் 6,10, நைலான் 10,10 முதலியவற்றைச் செய்வர். செபாசிக் அமிலத் தொழிலில் முதலிடம் சீனத்துக்கு. ஆதலால் நம் நாட்டு ஆமணக்கெண்ணெய்க்குச் சீனம் பெரிய வாடிக்கைக்காரனாக இருக்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன் நைலான் 11க்கு ஏறத்தாழ 2 டன் ஆமணக்கெண்ணெய் வேண்டும். ஆலையில் இழப்பும் உண்டாதலால் உண்மையில் அதற்கு மேலேயே ஆகும். விதையில் எண்ணெய் பாதிக்குச் சற்றுக் குறைவு. எனவே 4 டன்னுக்கு மேற்பட்ட விதை. வட குஜராத்தில் நீர் பாய்ச்சிச் செய்யும் நிலத்தில் ஹெக்டேருக்கு 2 டன் அளவில் விளைகிறது. ஆக, ஒரு டன் நைலானுக்கு ஐந்து ஏக்கர் நிலத்தின் ஒரு பருவ விளைவு குறையாமல் வேண்டும். மானாவாரி நிலமாயின் ஏக்கர் இரு மடங்காகும், அதற்கு மேலும் போகும்.

மார்ல் நகரத்துத் தீ

நைலான் 12 மண்ணெண்ணெய்க் குடும்பத்தது. பெட்ரோலிய ஆலைகளில் கிடைக்கும் பியூட்டாடையீன் என்னும் வாயுவில் கரி அணுக்கள் நான்கு. மூன்று பியூட்டாடையீனை வளையமாகக் கோத்தால் பன்னிரண்டு. இவ்வளையப் பொருளைச் சுருக்கமாக சி.டி.டி. என்பர். சி.டி.டி.யிலிருந்து லாரோலாக்டம், லாரோலாக்டத்திலிருந்து நைலான் 12 என்று படிகள் ஏறுகின்றன. குணத்தில் நைலான் 11க்கும் 12க்கும் வேற்றுமை சிறிதே. பெட்ரோல் குழாய்க்கும் பிரேக்குக் குழாய்க்கும் மோட்டார்த் தொழில் பெரும்பாலும் நைலான் 12ஐயே விரும்பி எடுத்துக்கொண்டிருந்தது.

வாங்குவோர் பலர், குழாய் செய்வோர் பலர், நைலான் 12ஐ விற்கும் கம்பெனிகளும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு, ஜப்பான் என்று நான்கு நாட்டில் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது அகன்ற சந்தையாகவே தோன்றியது. ஆனால் படிகளில் இறங்கிச் சி.டி.டி. என்னும் படிக்கு வந்தால், அதனைப் பெருமளவில் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் பெரியதொன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் கம்பெனியிடம் இருந்தது.

2012ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் தேதி அந்த ஆலை வெடித்துத் தீப்பற்றியது. தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். சந்தைக் கணக்கைப் பேசுமுன் அவ்விருவரை நினைத்தல் முறை. அன்று வேலைக்குச் சென்று வீடு திரும்பாதவர்கள் அவர்களே.

அடுத்த சில நாட்களில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மோட்டார் வண்டி செய்வோர் தாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு வளையப் பொருளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். வண்டி செய்பவர் குழாய் செய்பவரிடம் வாங்குகிறார். குழாய் செய்பவர் நைலான் மணியை வேறொருவரிடம் வாங்குகிறார். மணி செய்பவர் லாரோலாக்டத்தை, அவர் சி.டி.டி.யை. ஒவ்வொருவர்க்கும் தமக்கு முன் நிற்பவரை மட்டுமே தெரியும். ஏப்பிரல் 17ஆம் தேதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிராய் நகரில், மோட்டார்க் கம்பெனிகளின் ஆட்களும் உறுப்புகள் செய்வோரும் நைலான் விற்போருமாக ஏறத்தாழ 200 பேர் கூடினர். சாதாரண நாளில் ஒருவர்க்கொருவர் விலைகூடச் சொல்லாத போட்டிக்காரர்கள் அவர்கள். இருப்பு எவ்வளவு, மாற்றுப் பொருள் எது என்று ஒரே மண்டபத்தில் ஆராயும் நிலை வந்தது.

மாற்றுப் பொருள் இல்லாமல் இல்லை. ஆமணக்கு நைலான் 11 இருந்தது. நைலான் 10,10ம் பிறவும் இருந்தன. இடையூறு வேறிடத்தில் இருந்தது. பெட்ரோல் குழாய்க்கு ஒரு புதுப் பொருளை ஏற்பதற்கு முன் வெப்பத்திலும் குளிரிலும் உப்பு நீரிலும் இட்டு மாதக்கணக்கில் சோதிப்பர். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதனதன் சோதனை. இச்சோதனைகளைப் பொதுவாக்கி விரைவுபடுத்துவது எவ்வாறு என்பதே டிராய் கூட்டத்தில் பெரிதும் பேசப்பட்டது. இருப்புச் சரக்கும் மாற்றுப் பொருளும் விரைந்த சோதனையும் கைகொடுக்க, அஞ்சியபடி பெரும் நிறுத்தம் நேரவில்லை. மார்ல் ஆலையும் அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பின்னர் 2018இல் எவோனிக் தன் நைலான் 12 உற்பத்தியைப் பாதிக்குமேல் உயர்த்த ஏறத்தாழ 40 கோடி யூரோ செலவில் புது ஆலைத் தொகுதி அமைப்பதாக அறிவித்தது. இடம்? அதே மார்ல் நகரம். குழாயும் மின்சாரமும் மூலவாயுவும் பழகிய ஆட்களும் ஓரிடத்தில் இருக்க, வேறூரில் புதிதாகத் தொடங்குவது செலவு. கம்பெனியின் நோக்கில் அது சரியே. ஆனால் வாயில் அகலவில்லை, கதவு மட்டும் பெரிதாயிற்று என்பது நம் கருத்து.

இது நைலான் 12க்கு மட்டும் வந்த குறையுமன்று. நைலான் 6,6க்கு வேண்டிய அடிப்போநைட்ரைலும் உலகில் மிகச் சில ஆலைகளிலேயே உற்பத்தியாவது. 2018இல் அது போதாமல் நைலான் 6,6 விலை ஏறி, பலர் நைலான் 6க்கு மாற நேர்ந்தது. 2022இல் சீனத்தின் ஷாங்காயில் 4 இலட்சம் டன் அளவில் ஒரு புது ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆமணக்கு நைலானின் பக்கத்திலும் அசைவு இருந்தது. ஆர்க்கெமா 2012இன் தொடக்கத்தில், தீக்குச் சற்று முன்பே, சீனத்தில் ஆமணக்கிலிருந்து செபாசிக் அமிலமும் நைலான் 10,10ம் செய்யும் இரு கம்பெனிகளை வாங்கியிருந்தது. 2013இல், மும்பையைச் சார்ந்த ஜெயந்த் ஆக்ரோ ஆர்கானிக்ஸ் நிறுவனத்தின் துணைக் கம்பெனி ஒன்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பெற்றது. அது ஆமணக்கெண்ணெய் ஆட்டும் கம்பெனி. 2022இல் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் புது ஆலை தொடங்கி, தன் நைலான் 11 உற்பத்தித் திறனைப் பாதியளவு கூட்டியது. அதுவரை வெண்தூள் செய்யும் அதன் ஆலை மார்சேய் ஒன்றே. நெடுங்காலம் உலகில் நைலான் 11 பெருமளவில் செய்தது இந்த ஒரு நிறுவனமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விவசாயி எதிர்நோக்கும் வாயில் எவ்வளவு குறுகலானது என்பது விளங்கும்.

வயலின் பக்கம்

இனி அச்சங்கிலியின் மறுமுனைக்கு வருவோம். உலகின் ஆமணக்கில் மிகப் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது. அண்மை ஆண்டுகளில் நம் நாட்டு விளைவு ஏறத்தாழ 15 முதல் 20 இலட்சம் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு குஜராத் ஒன்றிலேயே. பனாஸ்காண்டா, பாட்டன், மேசானா, சாபர்காண்டா, கச்சு என்று சில மாவட்டங்களின் பெயரைச் சொன்னால் உலக ஆமணக்கின் பெரும்பகுதியைச் சொன்னதாகும். மார்லில் ஓர் ஆலை. இங்கே சில மாவட்டங்கள். அங்கே தீ, இங்கே மழை. பருவமழை அம்மாவட்டங்களைக் கைவிட்டால் மார்சேயிலும் ஷாங்காயிலும் விலை பேசுவோர் உறக்கம் இழப்பர்.

எப்போதும் இவ்வாறிருந்ததில்லை. ஒரு காலத்தில் பிரேசில் இத்தொழிலில் முன்னின்றது. நிலைமையை மாற்றியது பெரும்பாலும் விதை. ஆமணக்குக் கதிரில் கீழே ஆண்பூவும் மேலே பெண்பூவும் பூக்கும். பெண்பூ மட்டுமே பூக்கும் ஒரு வகையைத் தாயாக வைத்தால், வீரிய ஒட்டு விதையை எளிதில் பெருக்கலாம். இம்முறையில் குஜராத்தில் 1968இல் ஜி.சி.எச். 3 என்னும் வீரிய ஒட்டு ஆமணக்கு வெளியாயிற்று. வணிக அளவில் உலகின் முதல் ஆமணக்கு ஒட்டு அதுவே. அதனைத் தொடர்ந்து மேலும் பல வந்தன. மணற்பாங்கான நிலம், கிணற்றுப் பாசனம், பூஞ்சைக்கு இடந்தராத வறண்ட குளிர்காலம், ஊருக்கருகே மண்டி, மண்டிக்கருகே எண்ணெய் ஆலை ஆகிய யாவும் அவ்விதைக்குத் துணை நின்றன. விதையை மட்டும் கொண்டுவந்து இத்துணைகள் இல்லாத இடத்தில் ஊன்றினால் அதே விளைவு வராது. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் மானாவாரியில் குஜராத்தின் பாதி விளைவுக்கே போராட்டம். கதிர் வரும் வேளையில் அடைமழை பெய்தால் சாம்பல் நிறப் பூஞ்சை பற்றிக் காய்கள் அழுகும்.

விலைக்கு வருவோம். ஆமணக்கெண்ணெயின் விலையை நைலான் ஒன்றே நிர்ணயிப்பதில்லை. வர்ணம், வழுக்கு எண்ணெய், சோப்பு, மருந்து, செபாசிக் அமிலம் என்று அதற்கு வாடிக்கை பல. நம் சாயப்பட்டறைகளில் டி.ஆர்.ஓ. என்று வழங்கும் டர்க்கி ரெட் ஆயிலும் கந்தக அமிலத்தால் பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயே. ஆகவே பாரிசில் நைலான் 11 நன்றாக விற்றது என்பதால் மட்டும் பாட்டனில் கொட்டைமுத்து விலை ஏறிவிடாது. நைலான் விற்பவர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் பேசுகிறார். விவசாயி அன்றைய மண்டி விலையை வாங்குகிறார்.

அந்த மண்டி விலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு 2016 சனவரி சான்று. விலை தொடர்ந்து வீழ்ந்தது. முன்பேர வர்த்தகத்தில் வாங்கிக் குவித்தவர்கள் கட்ட வேண்டிய தொகையைக் கட்ட இயலாத நிலை தோன்றியது. அம்மாதம் 27ஆம் தேதி என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையில் ஆமணக்கு முன்பேர வியாபாரம் நிறுத்தப்பட்டது. பின்னர் அது மீண்டும் தொடங்கியது உண்மையே. ஆனால் சூதாடியவர் ஊரில் இல்லை. விதையைக் கொணர்ந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவர் ஊரில் இருந்தார். இன்னொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். நிலக்கடலை, எள், சூரியகாந்தி ஆகியவற்றுக்கு மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ஆமணக்கு அப்பட்டியலில் இல்லை.

வாங்குவோரும் இந்நிலையை ஒருவாறு உணர்ந்துள்ளனர் என்று தோன்றுகிறது. 2016இல் ஆர்க்கெமாவும், ஜெர்மனியின் பாஸ்ப் கம்பெனியும், ஜெயந்த் ஆக்ரோவும், சாலிடரிடாட் என்னும் தொண்டு நிறுவனமும் கூடிக் குஜராத்தில் பிரகதி என்னும் திட்டத்தைத் தொடங்கின. நல்ல விதை, குறைந்த நீர், மருந்து தெளிப்போர்க்குப் பாதுகாப்பு, கூடுதல் விளைவு ஆகியவற்றை விவசாயிக்குக் கற்பித்து, அவ்வாறு விளைந்ததற்குச் சான்று அளிப்பது அதன் முறை. நன்மையே. ஆயினும் சான்றின் அளவுகோலை வகுத்தவர் வாங்குவோர் என்பதைக் கவனிக்க வேண்டும். விலையின் அளவுகோலைப் பற்றி விவசாயிகளே ஒன்றுகூடிப் பேசும் அமைப்பு வேறு. அந்தப் பணியைப் பிறர் திட்டம் செய்து தராது.

நம் நிலத்தில்

தமிழ்நாட்டுக்கு ஆமணக்கு அந்நியப் பயிரன்று. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோற்சாம்பலில் குழைத்த மையும், விளக்குக்கு எரிபொருளும், குழந்தைக்கு மருந்தும் அதுவே. எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்ற பெயர் நிலைத்ததும் அதனாலேயே. சேலம் மாவட்டத்து எத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒய்.ஆர்.சி.எச். 1 என்னும் வீரிய ஒட்டு அங்கே உருவானது. கடலைக் கொல்லையின் வரப்போரம் ஆமணக்கு ஊன்றும் வழக்கமும் நமக்குண்டு; இலை தின்னும் புழு கடலையை விட்டு ஆமணக்கிலையை முதலில் நாடுமாதலால், அங்கேயே முட்டைத் திரளைப் பறித்து அழிக்கலாம்.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு நம் விடை இது. கடலையை எடுத்துவிட்டு வயல் முழுதும் ஆமணக்கு என்பதை நாம் ஆதரிக்கவில்லை. நைலானின் பெயரால் எவரேனும் வந்து விதை விற்று, விளைவை முழுதும் எடுத்துக்கொள்வோம் என்று வாயால் கூறினால், விலையும் எடையும் தேதியும் எழுத்தில் வந்த பின்பே காரியத்தில் இறங்க வேண்டும். வரப்பிலும், கடலை ஏற்காத மேட்டு நிலத்திலும், மழை குறைந்த கொல்லையிலும் ஆமணக்குக்கு நல்ல இடம் உண்டு. அவ்வாறு செய்வோர் தனித்தனியே இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று கமிஷன் கடைக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. ஆமணக்கின் கதிர்கள் ஒரே காலத்தில் முற்றுவதில்லை. நான்கைந்து முறை பறிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பறிப்பையும் அன்றன்றே விற்றால் ஏற்றுக்கூலியே விலையில் பாதியைத் தின்னும். நன்கு உலர்த்தி, உமி நீக்கி, சங்கக் கிடங்கில் சேர்த்து, ஒரு லாரிப் பாரமான பின் எண்ணெய் ஆலைக்கே நேரில் விலை கேட்பது நலம். விதையின் ஈரமும் தூசியுமே ஆலைக்காரர் கழிவு கேட்பதற்குக் காரணமாகும். அக்காரணத்தை நாம் கொடாமலிருக்கலாம்.

நெசவாளர்க்கும் ஒரு செய்தி உண்டு. அஸ்ஸாமில் எரி என்னும் பட்டுப்புழுவை ஆமணக்கிலை கொடுத்தே வளர்க்கின்றனர். அம்மொழியில் ஆமணக்கின் பெயரே அப்பட்டுக்குப் பெயராயிற்று. அதன் நூல் இழுத்தெடுப்பதன்று, நூற்கப்படுவது.

பயிர் செய்வோர் மறக்கலாகாத எச்சரிக்கை ஒன்று. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அது எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். புண்ணாக்கு வயலுக்கு நல்ல எரு, மாட்டுக்கு நஞ்சு. சங்கக் கிடங்கில் ஆமணக்குப் புண்ணாக்கு வைக்க நேர்ந்தால் அதனைக் கடலைப் புண்ணாக்கு மூட்டைகளோடு சேர்த்து அடுக்காமல் தனி அறையில் வைத்து, ஒவ்வொரு மூட்டையின் மேலும் பெரிய எழுத்தில் பெயர் எழுத வேண்டும். ஏற்றி இறக்கிய சாக்கைத் தீவனத்துக்குத் திரும்பப் பயன்படுத்தலும் ஆகாது.